குருத்துக்காகக் காத்திருந்த மாதங்கள்

எங்கள் பக்கத்தில் தென்னை வந்ததே பயத்தினால்தான்.

பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரம் காவிரிப் பாசனத்தின் கடைமடை. 1934-இல் மேட்டூர் அணையோடு சேர்ந்து கல்லணைக் கால்வாயும் வந்தபோதுதான், அதுவரை வானம் பார்த்துக் கிடந்த எங்கள் மண் ஆற்றுத் தண்ணீரைப் பார்த்தது. ஊர் அதைப் புது ஆறு என்று கூப்பிட்டது, இன்னமும் அப்படித்தான் கூப்பிடுகிறது. ஆனால் கடைமடைக்காரனுக்குத் தண்ணீர் ஒவ்வோர் ஆண்டும் புதுக் கவலை. ஜூன் 12-இல் அணையைத் திறப்பார்களா, திறந்தாலும் எங்கள் மதகுக்கு எப்போது வரும், வந்த தண்ணீர் கதிர் முற்றும்வரை நிற்குமா என்று கேட்டுக்கொண்டே தாத்தா காலத்து ஆட்கள் நெல் போட்டார்கள். பிறகு அலுத்துப்போய், போர் போட்டு, தென்னைக்கு மாறினார்கள்.

தென்னை அப்படிக் கலங்கடிக்காது. நாற்பத்தைந்து நாளுக்கு ஒரு வெட்டு, ஆண்டுக்கு எட்டு வெட்டு. விலை ஏறும், இறங்கும், காய் மட்டும் நிற்காது. மளிகைக் கடையில் "அடுத்த வெட்டுக்குத் தர்றேண்ணே" என்றால் போதும், சாமானைக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். என் கல்லூரிக் கட்டணம், அக்கா கல்யாணக் கடன், அப்பாயியின் கண் ஆபரேஷன் எல்லாம் வெட்டுக் கணக்கில்தான் தீர்ந்தன. "தென்னை வச்சவன் தின்னுட்டுச் சாவான், பனை வச்சவன் பாத்துட்டுச் சாவான்" என்று தாத்தா சொல்லிக்கொண்டே இருப்பார். தோப்பில் பாதி அவர் வைத்தது, மீதி அப்பா வைத்தது. எங்கள் வீட்டில் எதிர்காலத்தைப் பற்றி யாரும் பேசியதில்லை. வாசலில் நின்று தலையைத் தூக்கினால் அது தெரிந்தது.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறி, மேற்கே எங்கள் மேல் வந்தது. நான் சென்னையில் இருந்தேன். அந்த இரவைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அம்மா சொன்னதுதான். முதலில் வடக்கிலிருந்து அடித்தது. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை, ஓய்ந்துவிட்டது என்று அப்பா கதவைத் திறக்கப் போனார். 1952-ஆம் வருசப் புயலைப் பார்த்த பக்கத்து வீட்டுக் கிழவர் உள்ளிருந்தே கத்தினாராம்: "தொறக்காதே, இனிமேதான் தெக்கத்திக் காத்து வரும்." வந்தது. தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. அடியிலிருந்து கயிறு கயிறாக இறங்கும் சல்லிவேர்கள்தான் அதைப் பிடித்து நிறுத்துகின்றன. வடக்குக் காற்று ஆட்டி வேரைத் தளர்த்திவிட்டுப் போனதை எதிர்ப்பக்கமிருந்து வந்த காற்று தள்ளி முடித்தது. வேர் விடாத மரங்கள் நடுவில் முறிந்தன. சிலவற்றுக்குக் கொண்டை மட்டும் திருகிக்கொண்டது.

செல்போன் கிடைக்கவில்லை. பஸ் போகும்வரை போய், மீதிக்கு ரோட்டில் கிடந்த மரங்களைத் தாண்டித் தாண்டி நடந்து நான் ஊர் சேர்ந்தபோது என்னைத் திகைக்க வைத்தது வெளிச்சம். நடுப்பகலிலும் நிழலாகவே இருந்த எங்கள் வாசலில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அங்கே நின்று பார்த்தால் அடுத்த ஊர்க் கோயில் கோபுரம் தெரிந்தது. பிறந்து வளர்ந்த வாசலில் நின்று அதை நான் பார்த்ததே இல்லை.

அப்பா திண்ணையில் இருந்தார். தோப்புக்குள் போகவே இல்லை என்று அம்மா சொன்னாள்.

"போய்ப் பாக்கலியாப்பா?"

"என்னத்தப் போயி பாக்குறது. இங்கேருந்தே தெரியுதுல்ல."

அடுத்த சில நாட்கள் எங்கள் வீடு துக்க வீடாகவே இருந்தது. கும்பகோணத்து அத்தை லோடு ஆட்டோவில் அரிசி, தண்ணீர் கேன், மெழுகுவத்தி, கொசுவத்தி எல்லாம் ஏற்றிக்கொண்டு வந்தாள். இறங்கியதும் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். சாவு வீட்டுக்கு வருகிற பெண்கள் எப்படி வாசலிலேயே கட்டிக்கொண்டு அழுவார்களோ, அப்படியே. யாரும் யாரையும் அடக்கவில்லை. அழுது முடித்து, முகம் கழுவி, அத்தை அடுப்பை மூட்டினாள். துக்க வீட்டுக்காரர் சமைக்கக்கூடாது, வந்தவர்கள்தான் ஆக்கிப் போட வேண்டும் என்ற வழக்கத்தின் அருமை எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. கையும் காலும் ஓடாத நேரத்தில் இன்னொருத்தர் வந்து உலை வைப்பதைவிடப் பெரிய ஆறுதலை நான் இதுவரை பார்க்கவில்லை.

வார்த்தையால் வந்த ஆறுதல்கள் வேறு மாதிரி. "போனது போச்சு, உசுரு தப்பிச்சுதே, அத நெனச்சுக்க" என்று எல்லோருமே சொன்னார்கள். பக்கத்துத் தோப்புக்காரர் சொன்னபோது அப்பா தலையாட்டினார், அவருக்கும் அதே அளவு போயிருந்தது. போனில் ஒருவர் அதையே சொன்னபோது அப்பா பேசாமல் போனை என்னிடம் கொடுத்துவிட்டார். சொன்னவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் இழந்தவனிடம் போய் இழக்காததை எண்ணிக் காட்டுவது, அவன் துக்கத்தைச் சீக்கிரம் முடித்துக்கொள்ளச் சொல்வதுதான். நடந்ததெல்லாம் நன்மைக்கே என்று சொன்னவர்களும் உண்டு. அதை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை. அந்தப் புயலில் நன்மை என்று ஒன்றும் இல்லை. வேதாரண்யத்து உப்பளங்கள் சேறாயின, கோடியக்கரையில் மான்கள் செத்து ஒதுங்கின, அறுபதுக்கும் மேற்பட்ட மனிதர்கள் இறந்தார்கள். பிறகு வந்த நல்லது கொஞ்சமும் மனிதர்கள் கையால் செய்தது. புயலின் கணக்கில் அதை வரவு வைக்க எனக்கு மனமில்லை.

தென்னை போன வேதனையில் உயிரை மாய்த்துக்கொண்ட விவசாயிகளைப் பற்றிப் பத்திரிகைகளில் செய்தி வர ஆரம்பித்தது. எங்கள் தெருப் பெண்கள் அதைப் பற்றி சத்தமாகப் பேசவில்லை. ஆனால் ஒருநாள் மோட்டார் கொட்டகையில் பூச்சிமருந்து டப்பாக்கள் இருந்த இடம் காலியாக இருந்தது. அம்மா அவற்றை எடுத்துக் கொண்டுபோய், ஆம்பளைகள் இல்லாத ஒரு வீட்டில் பூட்டி வைத்திருந்தாள். அவள் மட்டுமில்லை, தெருவே அப்படிச் செய்திருந்தது. இருட்டியதும் எந்த ஆம்பளையும் தனியாகத் தோப்புப் பக்கம் போகக்கூடாது என்று பெண்கள் தங்களுக்குள் பேசி வைத்திருந்தார்கள். யாராவது எழுந்தால் பின்னாலேயே ஒரு பையனை டார்ச் லைட்டோடு அனுப்புவார்கள். கேட்டால் "பாம்பு பூச்சி கெடக்கும்" என்பார்கள். அப்பாவுக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். தெரிந்தும் மறுக்காமல் அந்தப் பையனைக் கூட்டிக்கொண்டு போனார். ஒருத்தரை ஒருத்தர் இப்படிக் காவல் காத்ததை நான் மறக்க மாட்டேன். கஷ்டத்தில் இருக்கும் யாராவது இதைப் படித்தால், அந்தப் பெண்கள் செய்ததையே நானும் கேட்பேன்: தனியாக இருக்காதீர்கள், கூட ஒருத்தரை வைத்துக்கொள்ளுங்கள்.

சாவுக்கு நம்மிடம் நாள் கணக்கு இருக்கிறது. பால் தெளி, பிறகு பதினாறாம் நாள் கருமாதி. அன்றைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்து, உறவுக்காரர்கள் எடுத்து வந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு, வந்தவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாக வேண்டும். மனம் ஆறியதா என்று யாரும் கேட்பதில்லை. ஆறியிருக்காது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஊர் கூடி, "இன்னையோட இதை இறக்கி வை, நாளைக்கு வயலுக்குப் போ" என்று கையைப் பிடித்து எழுப்பிவிடுகிறது. தோப்பு செத்தால் அதற்குப் பதினாறாம் நாள் கிடையாது. விழுந்த மரங்கள் விழுந்த இடத்திலேயே கிடந்தன. அப்பா திண்ணையிலேயே இருந்தார். முடிவு வைக்க யாருமில்லாத துக்கம் அது.

முதலில் அசைந்தது அம்மாதான். அம்மா தோப்பைத் தோப்பாகப் பார்க்கவில்லை, மட்டையாகப் பார்த்தாள் என்று சொல்ல வேண்டும். ஊரில் பாதி வீடுகளுக்குக் கூரை இல்லை. தார்ப்பாய்க்காகப் பள்ளிக்கூடத்தில் வரிசை நின்றது. அதே ஊரில் தரை தெரியாமல் பச்சை மட்டை கிடந்தது. அம்மாவும் தெருவில் நாலைந்து பெண்களும் சேர்ந்து மட்டைகளை நடுவாகப் பிளந்து குளத்தில் ஊறப் போட்டார்கள். ஊறியதும் எடுத்து வந்து வாசலில் உட்கார்ந்து கீற்று முடைந்தார்கள். எங்கள் வட்டாரத்துப் பெண்களுக்குக் கீற்று முடைவது கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. ஒன்றின் மேல் ஒன்று, ஒன்றின் கீழ் ஒன்று என்று விரல் தானாக ஓடும். நானும் உட்கார்ந்தேன். மின்சாரம் இல்லை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்திருந்தன, எங்கள் ஊருக்குக் கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல ஆளில்லை. அடுத்த மாசம் பணம் எங்கிருந்து வரும் என்பதற்கும் பதில் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் கையில் ஒரு கீற்று இருந்தது. சாயங்காலத்துக்குள் அதை முடைந்தால் ராத்திரி ஒரு வீட்டுக்கு ஒழுகாது.

நிச்சயமில்லாத காலத்தில் மனம் முழுக்க நாளைக்கும் அடுத்த வருசத்துக்கும் ஓடிவிடுகிறது. அங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை, பயப்படுவதற்கு மட்டும்தான் இடம். கை ஒரு வேலையைப் பிடித்துக்கொண்டால், மனமும் கையிருக்கும் இடத்துக்குத் திரும்பி வருகிறது. நான் படித்த எந்த அறிவுரையும் எனக்கு இதைக் கற்றுத் தரவில்லை, அந்த வாசலில் கற்றுக்கொண்டேன்.

அப்பாவை எழுப்பியது சித்தப்பா, அதாவது அம்மாவின் தங்கை வீட்டுக்காரர். பண்ருட்டிக்குப் பக்கத்தில் தென்பெண்ணைக் கரையோரம் அவர்களுக்கு நிலம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது கடலூர் மாவட்டத்தில் முந்திரியும் பலாவும் விழுந்தது பலருக்கு நினைவிருக்கும். அவர் பலாக்களும் அதில் போனவைதான். மரம் அறுக்கும் மிஷினையும் பெட்ரோல் கேனையும் தூக்கிக்கொண்டு வந்து இறங்கினார். ஆறுதல் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டு, திண்ணையில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சொன்னது இவ்வளவுதான்: "பலா விழுந்தப்ப நானும் தொடலண்ணே. ரொம்ப நாளு அப்புடியே போட்டு வச்சேன். வெட்டி எடுத்த பெறகுதான் எனக்குத் தூக்கம் வந்துச்சு. வாங்க, போவோம்."

ஆனால் வெட்டவும் முடியவில்லை. அரசு நிவாரணம் அறிவித்திருந்தது. விழுந்த தென்னைக்கு 600 ரூபாய், வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாய், ஆக மரத்துக்கு 1,100. ஹெக்டேருக்கு 175 மரம் என்ற கணக்கில் 1,92,500 ரூபாய். எண்பது வயது வரை காய்க்கக்கூடிய மரத்துக்கு இதுதானா என்ற வருத்தம் இருந்தாலும், அந்தப் பணமாவது வர வேண்டும். கணக்கெடுக்க ஆள் வருவதற்கு முன்பு மரத்தை அகற்றிவிட்டால் எதைக் காட்டுவது என்று ஊரே பயந்தது. அதனால் கிடந்த மரங்கள் கிடந்தன. தோப்பைச் சுற்றி வந்து, விழுந்ததை எண்ணுவது மட்டும் நடந்தது. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. ஒரே துக்கத்தைத் திரும்பத் திரும்ப எண்ண வைத்த அந்த நாட்கள், புயல் இரவைவிட மோசமானவை என்று அப்பா சொல்வார். கணக்கெடுப்பு முடிந்து மரத்தில் அடையாளம் போட்ட அன்றைக்கு மத்தியானமே மிஷின் சத்தம் கேட்டது.

இதில் வேளாண்மைத் துறைக்காரர் ஒருவர் சொன்னதையும் சொல்ல வேண்டும். விழுந்த தென்னையை அப்படியே விட்டால் அது சும்மா மக்கிப் போகாது. மக்குகிற தண்டில்தான் காண்டாமிருக வண்டு முட்டையிடும். புழு அதற்குள்ளேயே தின்று வளர்ந்து, வண்டாகி வெளியே வந்து, நிற்கிற மரத்தின் குருத்தைத் துளைக்கும். அது போட்ட ஓட்டை வழியாகச் சிவப்புக் கூன்வண்டு உள்ளே போகும். கூன்வண்டு போன மரம் பிழைப்பது அரிது. செத்த மரத்தின் மேல் உள்ள பாசத்தால் அதை வைத்திருந்தால், தப்பித்து நிற்கிற சொற்ப மரமும் போய்விடும் என்றார். அப்பா அதற்கப்புறம் வேறு விளக்கம் எதுவும் கேட்கவில்லை. தாத்தா வைத்த மரங்களைத் தானே நின்று துண்டு போடச் சொன்னார். துண்டுகள் லோடு லோடாகச் செங்கல் சூளைக்குப் போயின. அடிக்கட்டைகளை ஜே.சி.பி. தோண்டி எடுத்தது. அதற்கு வந்த செலவு நிவாரணத்தில் பெரும்பகுதியைத் தின்றுவிட்டது என்பது வேறு விஷயம்.

விழுந்தவை இப்படிப் போயின. எங்களை உண்மையில் வாட்டியது விழாமல் நின்றவை.

தலை திருகிக்கொண்ட மரங்களைச் சொல்கிறேன். வாழை ஒடிந்தால் பக்கத்தில் கன்று வரும். முருங்கை முறிந்தால் முறிந்த இடத்தில் துளிர்க்கும். தென்னைக்கு உயிர் ஒரே இடத்தில், உச்சிக் குருத்தில். அது போனால் தண்டு எவ்வளவு வலுவாக நின்றாலும் மரம் போனதுதான். ஆனால் போய்விட்டதா என்று உடனே தெரியாது. பழைய மட்டைகள் மாதக்கணக்கில் பச்சையாகவே இருக்கும். நல்ல தென்னை மாதத்துக்கு ஒரு மட்டை வீதம் விடும். ஆகவே புதுக் குருத்து விரிகிறதா என்று பார்க்க வேண்டும், அதற்குக் காத்திருக்க வேண்டும். வேளாண் அலுவலர்கள் சாய்ந்த மரங்களுக்கு மண் அணைத்துக் கட்டச் சொன்னார்கள், குருத்தில் மருந்து ஊற்றச் சொன்னார்கள். எல்லாம் செய்தோம். பிறகு அப்பா தினமும் காலையில் டீ குடித்த கையோடு போய், ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று மேலே பார்ப்பார். "இது வரும்மா, பாரேன், நடுவுல வெளுப்பாத் தெரியுது" என்பார். எனக்குத் தெரியாது. தெரிகிறது என்பேன்.

கஜாவுக்கு முந்தின ஆண்டு, 2017 நவம்பர் கடைசியில், ஒக்கிப் புயல் வந்தபோது கன்னியாகுமரிக் கடற்கரை பட்டதை அப்போதுதான் நான் முழுதாக உணர்ந்தேன். சின்னத்துறை, தூத்தூர், வள்ளவிளை ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போனவர்களில் பலர் திரும்பவே இல்லை. உடலும் கிடைக்கவில்லை. உடல் கிடைத்த வீடு அழுது அடக்கம் செய்தது. கிடைக்காத வீட்டில், எங்காவது ஒரு தீவில் ஒதுங்கியிருப்பாரோ என்று வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். காணாமல் போனவரை இறந்தவராகக் கொள்ளச் சட்டம் பொதுவாக ஏழு ஆண்டு கேட்கிறது. மனம் எத்தனை ஆண்டு கேட்கும் என்று யார் சொல்வது? மரத்தையும் மனிதரையும் ஒன்றாக வைக்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். எங்கள் இழப்பு அந்தத் தாய்மார்களின் இழப்புக்கு அருகில்கூட வராது. ஆனால் அந்தத் துக்கத்தின் தன்மை என்னவென்று அப்பா மேலே பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்குக் கொஞ்சமாவது விளங்கியது. பாலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில், போரில் காணாமல் போன வீரர்களின் குடும்பங்களோடு பேசி, இப்படி முடிவு தெரியாத இழப்புகளைத் தனியாக ஆராய்ந்தார். இந்த நிலையில் இருப்பவர்கள் நம்பிக்கையையும் துக்கத்தையும் ஒரே நேரத்தில் சுமக்கிறார்கள். ஒன்றைக் கீழே வை என்று அவர்களை அவசரப்படுத்துவதில் பயனில்லை என்பது அவர் எழுத்தை ஒட்டி நான் புரிந்துகொண்டது. அதைப் படித்த பிறகு, "விட்டுத்தள்ளுங்கப்பா" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்பாவோடு சேர்ந்து நானும் மேலே பார்த்தேன்.

சிலவற்றில் குருத்து வந்தது. முதல் குருத்து விரிந்த அன்றைக்கு அப்பா தெருவில் போன எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். சிலவற்றில் வரவில்லை. மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் இருந்த மரம்தான் எங்களை ரொம்பநாள் ஏமாற்றியது. தாத்தா காலத்து மரம், வீட்டுக் கல்யாணங்களுக்கெல்லாம் பாளை வெட்டியது அதில்தான். மட்டைகள் பச்சையாகவே இருந்தன, பாளை கூட ஒன்று வெடித்தது. தென்னையில் பாளை உருவாவது வெளியே தெரிவதற்கு இரண்டரை ஆண்டுக்கு முன்பே தொடங்கிவிடும். ஆகவே அந்தப் பாளை நல்ல காலத்தில் உண்டான பாளை, புயலுக்குப் பிறகு மரம் பிழைத்ததற்குச் சாட்சி இல்லை. இது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. பாளை வந்துவிட்டது என்று அம்மா சாமிக்குத் தேங்காய் உடைத்தாள்.

கோடையில் மரம் ஏறுகிறவர் வந்தார். அந்த மரத்தில் ஏறி, நடுக்குருத்தைப் பிடித்து லேசாக இழுத்தார். கையோடு வந்துவிட்டது. அடி அழுகி, நாற்றம் கீழே நின்ற எங்களுக்கே அடித்தது. மேலேயிருந்து அவர் ஒன்றும் சொல்லவில்லை. குருத்தைக் கீழே போட்டார். அப்பா அதை எடுத்து, அடியை விரலால் அழுத்திப் பார்த்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வியப்பு என்னவென்றால், அந்த முகத்தில் பல மாதமாக இருந்த ஒரு இறுக்கம் தளர்ந்தது. "சரி. எறங்குப்பா. அருவா குடு" என்றார். முதல் வெட்டை அவர்தான் போட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்தார். அம்மா வடை சுட்டாள். யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை, ஆனால் எங்கள் தோப்புக்குக் கருமாதி நடந்தது அன்றைக்குத்தான்.

விடுவது ஒரே தடவையில் நடந்துவிடும் என்று முன்பு நான் நினைத்திருந்தேன். அப்பா விட்டதைப் பார்த்தால் அது மரம் மரமாக நடந்தது. சிலவற்றை அழுதுகொண்டு, சிலவற்றைக் கோபத்தோடு, சிலவற்றைக் கணக்குப் பார்த்து. கடைசியில் விட்டது மரங்களை அல்ல, அவற்றைவிடப் பெரிய ஒன்றை. தென்னை இருந்தால் பயமில்லை என்று தாத்தா விட்டுப்போன அந்த நிச்சயத்தை. மறுபடி நடும்போது அது தெரிந்தது. பழையபடி தோப்பு முழுக்க நெட்டை ரகமே வைக்காமல் கொஞ்சம் நெட்டை, கொஞ்சம் சீக்கிரம் காய்க்கிற ஒட்டு ரகம், நடுவில் வாழை, ஒரு பக்கம் உளுந்தும் எள்ளும் என்று பிரித்தார். நெட்டை காய்க்க ஆறேழு வருசம் ஆகும், அவர் வயதுக்கு அது தேவையா என்று உறவில் ஒருவர் கேட்டார். "நான் திங்கிறதுக்குன்னா வைக்கிறேன்?" என்று மட்டும் சொன்னார்.

எல்லோரும் நடவில்லை. பக்கத்துத் தோப்புக்காரர் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுத் திருப்பூருக்கு மகனிடம் போய்விட்டார். ஊரில் சிலர் அதைக் குறையாகப் பேசினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தன் மண்ணை விட்டுப் போனதற்கு அவர் கொடுத்த விலை அவருக்குத்தான் தெரியும். அங்கே பனியன் கம்பெனி வாட்ச்மேனாக இருக்கிறார், பேரனைப் பள்ளிக்கூடத்தில் விட்டுக் கூட்டி வருகிறார், ராத்திரி நிம்மதியாகத் தூங்குகிறார். அவர் விட்டதும் விட்டதுதான்.

புதுக் கன்றுகள் வேர் பிடிப்பதற்குள் 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. பிறகு சுருள் வெள்ளை ஈ வந்து ஓலையெல்லாம் கரிப்பூச்சாகக் கறுத்தது. ஒவ்வொன்றும் வந்தபோது அப்பா பயந்தார். பயப்படவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் திண்ணையில் உட்காரவில்லை. விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் அட்டையை மரத்துக்கு மரம் கட்டிக்கொண்டு பயந்தார்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தது. எங்களுக்குப் பெரிய பாதிப்பு இல்லை. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணை நிரம்பி, தென்பெண்ணை கரை புரண்டது. சித்தப்பாவின் வயலில் இடுப்பளவு தண்ணீர் வந்து, வடிந்தபோது பயிர் இருந்த இடத்தில் மணல் மேடு இருந்தது. போனில் அவர் குரலே எழும்பவில்லை. அப்பா ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார்:

"சகலை, மொதல்ல சாப்புட்டியா? சரி, அப்புறம் சாப்புடு, ஆனா சாப்புடு. இன்னைக்கு வயலுக்குத் தனியாப் போவாத, பையனக் கூட்டிக்க. போன எடத்துல நாலு பக்கமும் போட்டோ எடுத்து வையி. பட்டா, சிட்டா, அடங்கல் எல்லாத்தையும் ஒரு பையில போட்டு மேல எடுத்து வையி. வி.ஏ.ஓ. வந்து எழுதுற வரைக்கும் மணல அள்ள முடியாது, அது தெரியும். அதுவரைக்கும் வீட்டுல போன சாமான எடுத்துக் காயப் போடு, மாட்டுக் கொட்டாயச் சரி பண்ணு, எதையாச்சும் செய்யி, சும்மா ஒக்காராத. மாடு ரெண்டும் இருக்குல்ல? சரி. நானும் ஒங்க அக்காவும் நாளைக்குக் காலம்பற மொத பஸ்ஸப் புடிச்சு வர்றோம். அரிசி, பருப்பெல்லாம் கட்டியாச்சு. மம்முட்டி எத்தன இருக்கு ஒங்கிட்ட? ரெண்டுதானா? அப்ப நான் நாலு எடுத்தாறேன்."